தராசில் ஒரு முதுகு

என் பட்டறை மேசையில் காய்கறி நிறுக்கிற சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று இருக்கிறது. குளியல் நார் வாங்க வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் நகர்த்தி வைப்பேன். "நார் அப்புறம் பார்க்கலாம். வீட்டுல முதுகு தேய்ப்பீங்க இல்லையா, அதே மாதிரி இது மேல தேய்ச்சிக் காட்டுங்க." சிரித்துக்கொண்டே தேய்ப்பார்கள். ஒரு கிலோ காட்டும், ஒன்றரை காட்டும். இரண்டைத் தாண்டுகிறவர்களும் உண்டு. மீன் விற்கிற அம்மா ஒருவர் தேய்த்த தேய்ப்பில் தராசு மேசையை விட்டே இறங்கிவிட்டது. "இன்னா தம்பி, இதுக்கே சாஞ்சிடுச்சி?" என்றார். அவரிடமே, பேரப்பிள்ளைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்க்கச் சொன்னேன். நூறு கிராமைத் தாண்டவில்லை.

அந்த நூறு கிராமுக்கும் இரண்டு கிலோவுக்கும் நடுவில்தான் பதினைந்து வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது.

நான் படித்துவிட்டு வந்த டிசைனர் இல்லை. பிரம்பு நாற்காலிக்குக் கண் பின்னுவதுதான் கற்ற தொழில். புதுச்சேரியில் பழைய வீடுகளில் சாய்வு நாற்காலி, சோபா, கட்டிலின் தலைமாடு என்று பிரம்பு இல்லாத இடமில்லை; முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன இடத்தைப் பிடித்து உட்கார்ந்தால் வேலை தேடி வரும். அப்படி வந்த ஒரு சாய்வு நாற்காலிதான் என்னைக் குளியலறைக்குள் இழுத்துவிட்டது.

நாற்காலிக்குச் சொந்தக்காரர் ஒரு சொல்தா வீட்டம்மா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்களை இங்கே சொல்தா என்போம். 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம். பிள்ளைகள் எல்லோரும் பாரிஸ் பக்கம். கணவர் தவறி ஆறு வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை வியாதியில் வலது தோள் இறுகிவிட்டது. கை பின்னால் போகாது. நாற்காலியை ஒப்படைத்தபோது காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, "தம்பி, எனக்கு முதுகு தேய்க்க ஒன்னு செஞ்சித் தருவியா?" என்று கேட்டார். உள்ளே போய், மகள் அனுப்பியிருந்த குளியல் கையுறையைக் கொண்டுவந்து காட்டினார். தேங்காய்ப்பூத் துண்டின் துணியில் பை மாதிரி தைத்தது, விரல்களுக்குத் தனித்தனி இடம் கிடையாது. கான் த துவாலெத் என்று மூக்கொலியோடு சுத்தமாகச் சொன்னார். "மூஞ்சிக்கும் கழுத்துக்கும் இது சரி. முதுகுக்கு யாரு கை?"

ஒன்றரை அடி நீளத்துக்குக் கெட்டிப் பிரம்பை வெட்டி, நுனியில் பீர்க்கன் நார் ஒன்றை முழுசாகக் கட்டிக் கொடுத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. பத்தே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு வார்த்தை: "இது மாட்டுக்குச் சரியா இருக்கும்."

ரோஷம் வந்தது. நாற்காலி வேலைக்கு நடுவே நார் வேலையும் அப்போது சேர்ந்துகொண்டது.

முதலில் கையில் எடுத்தது தேங்காய் நார். அப்பாவின் நார் அது. அப்பா ரோடியர் மில் தொழிலாளி. 1898-ல் தொடங்கிய மில், பிறகு ஏ.எஃப்.டி. என்று பெயர் ஆனாலும் எங்கள் தெருவில் கடைசிவரை ரோடியர் மில்தான், 2020-ல் மூடினார்கள். ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். கிணற்றடியில், மட்டையைக் கல்லில் தட்டி எடுத்த நாரைச் சுருட்டிக் கை காலுக்குப் போட்டுக்கொள்வார். முதுகுக்கு மட்டும் ஈரிழைத் துண்டு. அதை முறுக்கி ஒரு முனையைத் தோளுக்கு மேலும் மறுமுனையை இடுப்புப் பக்கமும் பிடித்து, மாற்றி மாற்றி இழுப்பார். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கை. பின்னால் கருவி செய்ய உட்கார்ந்தபோதுதான் அதில் இருந்த சாமர்த்தியம் புரிந்தது. முறுக்கு கூடினால் கரகரப்பு கூடும், தளர்த்தினால் குறையும். ஒரே துண்டில் பத்துப் பதம்.

தேங்காய் நாரில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் மட்காமல் படகுக் கயிறாக உழைப்பது அதனால்தான். குளியலறைக்கு ஏற்ற சரக்கு என்று நினைத்தேன். உள்ளங்கை அளவில் நீள்வட்டமாகப் பின்னி, பின்பக்கம் கைநுழைக்கும் பட்டை வைத்தேன். நன்றாக விற்றது. "நல்லா உறைக்குது" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் நான் மயங்கியது ஒரு தப்பு.

இரண்டு வருடம் கழித்து, வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் அதே நாரில் மூன்றாவதை வாங்க வந்தார். "அண்ணா, இதைத்தான் தினமும் போடறேன். ஆனா கருப்பு போகவே மாட்டேங்குது. இன்னும் அழுத்தணுமா?" என்று துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். கழுத்தெலும்பின் மேல், அலை வடிந்த மணலில் வரிவரியாகத் தெரியுமே, அப்படி ஒரு பழுப்புக் கருமை. தோள்முனையிலும் அதே. கண்ணாடியில் பார்க்க முடியாத முதுகில் எவ்வளவு இருந்ததோ. நார் தரவில்லை. ஏதோ சாக்கு சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அந்த நாரில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு தோல் டாக்டரைப் பார்க்கப் போனேன். "யாருக்கு வைத்தியம்?" என்றார். நாரை மேசையில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இதே கருமையோடு வருகிறவர்கள் வாரம் தவறாமல் உண்டு என்றார். எலும்புக்கு மேலே சதைப்பற்று இல்லாத இடங்கள்தான் முதலில் மாட்டும்: கழுத்தெலும்பு, முழங்கால் கீழ் எலும்பு, முதுகின் மேல்பகுதி, முழங்கை. உரசல் நிற்காவிட்டால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். நிறம் தங்கும், சிலருக்கு அமிலாய்டு என்ற புரதமும் தோலடியில் படியும், அரிக்கும். அரிப்பதால் தேய்ப்பார்கள். கறுத்ததை அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்ப்பார்கள். 1980-களில் ஜப்பானில் நைலான் துணியால் முதுகு தேய்த்தவர்களுக்கு இதே கருமை வந்து, அங்குள்ள டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றார். அந்த நைலான் துணி எப்படி இருக்கும் என்று கேட்டேன். மூன்றடி நீளம்; இரண்டு முனையையும் பிடித்து முதுகில் குறுக்கே இழுப்பது. எங்கள் அப்பாவின் துண்டேதான், நூல்தான் வேறு.

அந்தப் பெண்ணுக்கு நாரை நிறுத்தச் சொல்லவும் டாக்டரைப் பார்க்கச் சொல்லவும் வங்கிக்கே போனேன். கௌண்டரில் நின்று இதைச் சொல்வது எத்தனை சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. கருப்பு என்றாலே தேய்த்து எடுக்க வேண்டிய ஒன்று என்று பெண்பிள்ளைகளுக்கு யார் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு நான் ஒரு கருவியும் செய்து கொடுத்திருந்தேன்.

டாக்டர் சொன்ன இன்னொன்றும் தலையில் நின்றுவிட்டது. நாம் தேய்க்கிற மேல்தோல், அதாவது செத்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் படலம், உடம்பின் பெரும்பகுதியில் 10 முதல் 20 மைக்ரான் கனம். நாம் எழுதுகிற தாள் ஏறக்குறைய 100 மைக்ரான். தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாத கூரை அது. கீழே இருந்து புதுசு வர வர, மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் தானாகவே உதிர்ந்துகொண்டிருக்கும். அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம். நார் போட்டுத் தேய்த்ததும் திரிதிரியாக உருண்டு வருகிறதே, "எவ்ளோ அழுக்கு பாரு" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறோமே, அதில் பெரும்பகுதி இந்தக் கூரைதான். குதிகால் மட்டும் வேறு கதை. அங்கே படலம் பல மடங்கு கனம்.

தேங்காய் நாரை அன்றோடு மூட்டை கட்டினேன். அடுத்தது பீர்க்கு. கறிக்கு வாங்குகிற வரிப் பீர்க்கிலும் நார் உண்டுதான். குளிக்க நல்லது மேல்தோல் வழவழப்பான நுரைப்பீர்க்கு. பாகூர்ப் பக்கம் வேலியில் படரவிட்டிருந்த ஒரு பெரியவரிடம் பேசி வைத்தேன். கொடியிலேயே காயவிட வேண்டும். தோல் பழுப்பாகி, ஆட்டினால் விதை கலகலக்கும்போது பறித்து, நுனியை உடைத்து விதையைக் கொட்டி, தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் உரிந்து வந்துவிடும். உள்ளே கூடு. நடுவில் மூன்று குழல், சுற்றிலும் பின்னல். எந்தக் கை பின்னினாலும் இவ்வளவு சீராக வராது, பின்னலே தொழிலாக இருக்கும் நான் சொல்கிறேன். மார்க்கெட்டில் பளீரென்று வெள்ளையாகத் தொங்குவதெல்லாம் பிளீச்சிங் போட்டது. வெள்ளை ஏற ஏற நாரின் உயிர் போகும். என்னுடையது மங்கிய பழுப்பு. "பழசா?" என்று கேட்காத ஆள் இல்லை.

பீர்க்குக்கு ஒரு வியாதி உண்டு: காயாது. ஐப்பசி கார்த்திகையில் இந்த ஊரில் உடுத்துகிற துணியே காயாது, கடல்காற்று வேறு. முழு நாரைக் குளியலறையில் தொங்கவிட்டுப் பார்த்தேன்; மூன்றாம் நாள் மூக்கே சொல்லிவிட்டது. 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இந்த நாரில் தங்கும் கிருமி தோலுக்கும் தொற்றும் என்று காட்டியிருக்கிறது. உதிர்ந்த தோல் அதற்குச் சாப்பாடு, ஈரம் அதற்குக் குடிநீர். ஆகவே நாரை நீளவாக்கில் கிழித்து, உள்குழலை எடுத்துவிட்டு, மேல்சுவரை மட்டும் விரித்துத் தட்டையாக்கி, கையில் மாட்டும் உறையாகத் தைத்தேன். மதியத்துக்குள் காய்ந்தது.

காய வேண்டும் என்பதற்காகத்தான் மெல்லிசாக்கினேன். ஆனால் மெல்லிசானதும் வேறொன்று நடந்தது. பந்து மாதிரி தடித்த நாரைப் பிடித்துத் தராசில் ஒன்றரை கிலோ காட்டிய அதே ஆட்கள் தட்டை நாரைப் போட்டால் அரைக் கிலோவோடு நின்றார்கள். காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது. தடித்த நார் கையை மறைக்கிறது. விரலுக்குத் தோல் தெரியாததால், தெரிகிறவரை அமுக்குகிறது. மெல்லிய உறைக்குள் இருக்கிற விரலுக்கு எலும்பு எங்கே, சதை எங்கே என்று தெரியும். தெரிந்த கை தானாகத் தணியும்.

அம்மா எண்ணெய் தேய்த்துவிட்ட சனிக்கிழமைகள் அப்போது ஞாபகம் வந்தன. எண்ணெய்க்கு மேல் பயத்தமாவு, தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு. நார் கிடையாது, வெறும் கைதான். மாவின் துகள் தோலில் இழுபடுவதில்லை, விரலுக்கடியில் உருளுகிறது. வேலை முடிந்ததும் தண்ணீரோடு போய்விடுகிறது. காய வைக்கவும் வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். இதைவிடக் கெட்டிக்காரக் கருவியை நான் இன்னும் செய்யவில்லை. இதற்கு நேர்மாறானது ரோமாபுரிக்காரர்களுடையது. அவர்களும் எண்ணெய் பூசிக்கொண்டவர்கள்தான். ஆனால் ஸ்ட்ரிஜில் என்ற வளைந்த உலோகத் தகட்டால் எண்ணெயையும் வியர்வையையும் சேர்த்து வழித்துப் போடுவார்கள். 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய அரிக்கமேடு இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே கிடைத்த ரோமானிய ஜாடிகளில் ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகளும் உண்டு. எண்ணெய் ஒன்றுதான், நம் கையில் மாவு, அவர்கள் கையில் தகடு.

உறையின் ஒரு முகம் பீர்க்கு. மறுமுகத்துக்கு நெசவு வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் பேட்டையில் தறிக்கு அலைய வேண்டியதில்லை. தேன்கூட்டு நெசவு என்று குழி குழியாக வருமே, அதைப் பருத்தியில் முரட்டு நூலில் கேட்டேன். "மிதி கூடுதலாப் போடணும்ப்பா. குளிக்கிற துணிக்கு இவ்ளோ வேலையா?" என்று தறிக்காரப் பெரியப்பா முணுமுணுத்தார். முதல் சரக்கை அலசியதும் எல்லா உறையும் சின்னப்பிள்ளை கைக்குத்தான் ஆயிற்று. தேன்கூட்டு நெசவு முதல் அலசலில் பலமாகச் சுருங்கும்; சுருங்கும்போதுதான் குழி ஆழமாகும். அலசிச் சுருக்கிவிட்டுத்தான் வெட்டவேண்டும். பெரியப்பாவுக்கு அது தெரியும். நான் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லையாம்.

தையலுக்குப் பருத்தி நூல் போட்டால் ஆறு மாதத்தில் ஈரத்தில் இற்றுவிடுகிறது. அதனால், நைலானை இவ்வளவு திட்டுகிற நான் தைப்பது நைலான் நூலில். யாரும் கேட்கும் முன்னே சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். குதிகாலுக்கு மட்டும் தனியாக ஒன்று தேவைப்பட்டது. சுடுமண்ணால் உடம்பு தேய்ப்பது புதுசில்லை. மொகஞ்சதாரோவில் தோண்டியெடுத்த பொருள்களில்கூட அப்படிப்பட்ட தேய்ப்பான்கள் உண்டு. வில்லியனூர் சுடுமண் புவிசார் குறியீடு பெற்றது. 2020-ல் பத்மஸ்ரீ வாங்கிய முனுசாமி கிருஷ்ணபக்தர் அந்த ஊர்க்காரர். நான் போனது அங்கே பானை வனைகிற ஒரு வீட்டுக்கு. உள்ளங்கைக்குள் அடங்கும் வில்லைகளில் சீப்பால் கோடு கீறிச் சுட்டுக் கொடுத்தார்கள். சூடு குறைந்தால் கரைகிறது, ஏறினால் வழுக்குகிறது. ஐந்தாவது சூளையில் பதம் வந்தது. கீழே விழுந்தால் உடையும் என்று கடைக்காரர்கள் எடுக்கவில்லை. இன்னும் ஒரு பெட்டி பரணில் இருக்கிறது.

மறுபடியும் சொல்தா வீட்டம்மாவின் முதுகுக்கு வருகிறேன். உறை அவருக்கு உதவாது, நீளக் கைப்பிடிதான் வேண்டும். நீளக் கைப்பிடியிலோ விரலின் புத்தி வேலை செய்யாது. எவ்வளவு அமுக்குகிறோம் என்று கைக்கே தெரியாது. ஒரு நாள் பழைய நாற்காலியின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மெல்லிய பிரம்பு ஒன்று கையிலிருந்து நழுவி விண்ணென்று நிமிர்ந்து கன்னத்தில் அடித்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டே அந்தப் பிரம்பைத் தராசில் ஊன்றி அமுக்கிப் பார்த்தேன். ஓரளவுக்கு மேல் எடை ஏறவில்லை, பிரம்புதான் வளைந்தது.

பிடி 3.5 சென்டிமீட்டர் கனம், சோப்புக் கையில் வழுக்காமல் இருக்கப் பிரம்புத் தோலால் சுற்று. அதிலிருந்து கிளம்புகிற கழுத்து சுண்டுவிரலைவிட மெல்லிய ஒற்றைப் பிரம்பு. தலையில் தட்டைப் பீர்க்கு, முடிச்சை அவிழ்த்து மாற்றிக்கொள்ளலாம். அரைக் கிலோவுக்கு மேல் அமுக்கினால் கழுத்து வளைந்து தலை விலகிவிடும். எவ்வளவு கோபத்தோடு குளித்தாலும் அதற்குமேல் தோலுக்குப் போகாது. பிரம்பின் வெளித்தோல் தண்ணீரை விடாது, ஆனால் வெட்டுவாய் பஞ்சு மாதிரி குடிக்கும். அதை அரக்கு வைத்து அடைத்தேன். சோப்புத் தண்ணீரில் அரக்கு கரைந்துபோனது. காரத்தில் அரக்கு நிற்காது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது தேன்மெழுகு.

விற்பனைக்கு வந்தால் பழைய பல்லவிதான். "உறைக்கவே இல்லீங்க." பெரிய மார்க்கெட்டில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என் உறையைக் கையில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சனங்க குளிக்கறது அழுக்குப் போறதுக்கு மட்டும் இல்ல. போன மாதிரி தெரியணும். இதுல சத்தமே வரலியே." அவர் பக்கத்தில் கடலூர்ப் பக்கத்து வெட்டிவேர் கட்டுக் கட்டாக இருந்தது. ஒரு கட்டை வாங்கி வந்து, உறையின் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய பரப்பு வைத்துத் தைத்தேன். தேய்த்தால் உள்ளுக்குள் கரகரவென்று வேர் உரசுகிறது, வாசனை வருகிறது. தோலுக்குப் போவது அதே தேன்கூட்டுப் பருத்திதான். அந்த வாரமே அண்ணாச்சி இரண்டு டஜன் கேட்டார். "இப்ப நல்லா உறைக்குது" என்றாராம் ஒருவர். இது ஏமாற்றா என்று என் மனைவி கேட்டாள். தோலுக்குத் தர வேண்டாம் என்று நிறுத்தியதைக் காதுக்குத் தருகிறேன் என்றேன். அவள் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. உண்மையான குறை வேறு: வேர் வைத்ததில் உறை காய அரை நாள் கூடுகிறது. அதனால் ஓரத்தில் வாய் விட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் வேரை உருவி வெயில் கண்டபோது காயப்போட்டுக்கொள்ளலாம். எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

போன தை மாதம் சொல்தா வீட்டம்மாவிடமிருந்து ஆள் வந்தது. பிரம்புக்கழுத்து தேய்ப்பானில் ஏதோ கோளாறு என்று நினைத்து மெழுகு, இழை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். தேய்ப்பான் குளியலறையில் இல்லை. கூடத்து ஜன்னலோரம் ஆணியில் தொங்கியது. "ரொம்ப வசதியா இருக்கு தம்பி. மேல் ஜன்னல் கொக்கி வரைக்கும் எட்டுது, இடிச்சா வளைஞ்சிக் கொடுக்குது" என்றார். முதுகு? அது வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் பொறுப்பாம். சனிக்கிழமை எண்ணெய் வைத்து, என் உறையைப் போட்டு அவள்தான் தேய்த்துவிடுகிறாள். என்னைக் கூப்பிட்டது அதற்குத்தான். "அவ கை சின்னக் கை. உறை கழண்டு கழண்டு வருது. அவளுக்கு அளவா ஒன்னு தெச்சிக் கொடு."

அந்தப் பெண் கூச்சத்தோடு கையை நீட்டினாள். நூலால் அளந்துகொண்டேன். பழக்க தோஷம், பையிலிருந்த தராசையும் எடுத்து வைத்தேன். "அம்மாவுக்குத் தேய்க்கற மாதிரி தேய்ம்மா." நூற்றுப் பத்து காட்டியது.

சாய்வு நாற்காலியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "அதான் தம்பி, பத்தலைன்னு நானும் சொல்லிக்கினே இருக்கேன்."